'ஹியூமன் ஆஃப்டர் ஆல்': ஒரு தடைக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு, பாம்பன்

மீன்பிடித் தடைக்காலத்தின் பதின்மூன்றாம் நாள் இது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத இந்த 61 நாட்களில் ஊரில் பணப்புழக்கம் குறைந்துவிடும் என்பதால், ரேடியோ செட் வாடகைக்கு விடும் எனக்கும் வேலை குறைவு. சாமான் அறையைத் துப்புரவு செய்து, உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒயர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பழைய மிக்ஸர் பெட்டிக்கு அடியில் அந்தக் குறுந்தகடு அகப்பட்டது. கறுப்பு அட்டையின் நடுவில் ஒரு தொலைக்காட்சித் திரை. திரைக்குள் டாஃப்ட் பங்க் என்ற இருவர் இசைக்குழுவின் பெயர். 2005 மார்ச்சில் வெளிவந்த 'ஹியூமன் ஆஃப்டர் ஆல்' தொகுப்பு அது.

துபாயில் வேலை பார்த்த கீழக்கரைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) அந்த ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது கொடுத்தது. பரிசாகக் கொடுத்ததாக நினைத்துவிடக் கூடாது. "காசு கொடுத்து வாங்கிட்டேன் தம்பி, ரெண்டு தடவைக்கு மேல கேக்க முடியல, நீயே வச்சுக்க" என்று மனம் நொந்து என் கையில் திணித்தார். அதே காக்காதான் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே குழுவின் 'டிஸ்கவரி' தொகுப்பைத் தந்து, பிரான்சு தேசத்தின் மின்னணு நடன இசைக்கு என் காதைத் திறந்துவிட்டவர். அவர் வெறுத்துத் தள்ளியதை நான் விரும்பத் தொடங்கினேன். இருபது ஆண்டுகளாக எங்களுக்குள் அந்த வழக்கு முடியவில்லை.

மே 1, வியாழன்

காக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். குறுந்தகடு கிடைத்த செய்தியைச் சொன்னதுமே பழைய குற்றப்பத்திரிகையை ஒன்றுவிடாமல் வாசித்தார். அவர் தரப்பை நேர்மையாகவே எழுதி வைக்கிறேன்; ஏனென்றால் இந்தத் தொகுப்பை ஏற்காத ரசிகர்கள் உலகெங்கும் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

தோமா பாங்கால்தேரும் கீ மானுவேல் தெ ஓமெம் கிறிஸ்தோவும் 2001இல் வெளியிட்ட 'டிஸ்கவரி' ஈராண்டு உழைப்பில் உருவானது. ஒவ்வொரு பாட்டிலும் மெட்டு மாறும், கிட்டார் புகும், சிரிப்பும் ஏக்கமும் மாறி மாறி வரும். அப்படிப்பட்டவர்கள் அடுத்த தொகுப்பை 2004இன் இறுதியில் ஆறே வாரங்களில் ஒலிப்பதிவு செய்து முடித்துவிட்டார்கள். கையில் எடுத்துக்கொண்டவை இரண்டு கிட்டார்கள், இரண்டு டிரம் மெஷின்கள், குரலை இயந்திர ஒலியாக்கும் வோக்கோடர் ஒன்று, எட்டுத் தடங்கள் கொண்ட ஒரு பதிவுக் கருவி, அவ்வளவுதான். நான்கு நிமிடத்துக்கு ஒரே துண்டு இசை சுற்றிச் சுற்றி வருகிறது. 'ரோபாட் ராக்' பாட்டின் முதுகெலும்பே பிலடெல்பியாவைச் சேர்ந்த பிரேக்வாட்டர் குழுவினர் 1980இல் வெளியிட்ட 'ரிலீஸ் தி பீஸ்ட்' பாட்டிலிருந்து எடுத்த கிட்டார் வெட்டு. "அடுத்தவன் போட்ட ரோட்டுல வண்டியை ஓட்டிட்டு, ரோடு போட்டேன்னு சொன்னா எப்படித் தம்பி?" என்று கேட்டார்.

வெளியீட்டின்போது அவர்கள் பேட்டி கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டதும் அவருக்குக் கசப்பு. ரசிகனுக்கு ஒரு சொல் விளக்கமாவது தந்திருக்கலாம் என்பது அவர் மனக்குறை. இந்த ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இசைத்தட்டே பேசட்டும் என்று விட்டதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. தகரக் கூரைக்கு அடியில் பகலில் நிற்க முடியவில்லை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காள் மகனுக்குத் தொகுப்பை ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். 2016இல் வந்த 'ஸ்டார்பாய்' பாட்டின் வழியாக இந்தக் குழுவை அறிந்த தலைமுறை அவன். அதிலிருந்து 2013இன் 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' தொகுப்புக்குப் போய், பிறகு பின்னோக்கி நடந்து வந்தவன். "இது ஒத்திகை மாமா. 2007 கச்சேரிப் பதிவைக் கேளுங்க, அதுலதான் இந்தப் பாட்டெல்லாம் முழுசா இருக்கு" என்றான். காக்காவின் தீர்ப்பைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. வெறுப்பவர் ஒன்றை முழுமையான பொருளாக எடுத்துக்கொண்டுதான் வெறுக்கிறார். ஒத்திகை என்பவனோ அதை ஒரு பொருளாகவே எண்ணவில்லை.

சிறிய கருவியில் கேட்டதே தவறு என்று தோன்றுகிறது. அடுத்த ஞாயிறன்று எல்லோரையும் கூட்டி, பெரிய செட்டில் வரிசை மாறாமல் முழுவதையும் ஒலிக்கவிடப்போகிறேன்.

மே 11, ஞாயிறு, இரவு

தென்கடல் பக்கம் இருக்கும் எங்கள் கிடங்கில் இரண்டு பேஸ் பெட்டிகளையும் இரண்டு டாப்களையும் நிறுத்தினேன். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை என்பதால் எட்டரைக்கே தொடங்கிவிட்டோம். காக்கா கீழக்கரையிலிருந்து வந்திருந்தார். மருமகன் இருந்தான். விசைப்படகு ஓட்டும் மச்சான், என் மனைவியின் அண்ணன், இந்தக் குழுவின் பெயரைக்கூட முன்பு கேட்டதில்லை. மராமத்து வேலை முடிந்து, கையில் பெயிண்ட் கறையோடு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

முதல் பாட்டிலேயே காக்கா கைகளைக் கட்டிக்கொண்டார். இரண்டாவதான 'தி பிரைம் டைம் ஆஃப் யுவர் லைஃப்' மெதுவாகத் தொடங்கி, இறுதிப் பகுதியில் தாளம் வேகம்பிடித்து, அடி எது இடைவெளி எது என்று பிரித்தறிய முடியாதபடி ஓடி முடியும். அந்த இடத்தில் நான் பேஸ் பெட்டியின் அருகே நின்றிருந்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்த காகிதக் கூம்பு, வேகம் கூடக்கூட ஒரே இடத்தில் மங்கலாக நடுங்கிற்று; பெட்டியின் மேல் வைத்திருந்த திருப்புளி தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. ஹெட்போனில் வெறும் இரைச்சலாகக் கேட்ட பகுதி அது. மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன்.

'ரோபாட் ராக்' வந்தபோது காக்கா என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கிட்டார் வெட்டு இரவல்தான். ஆனால் மூலப் பாட்டில் அதன் மேல் ஒரு பாடகர் வந்து பாடிக் கதையை நடத்திக்கொண்டு போவார். இவர்கள் பாடலை நீக்கிவிட்டு, அந்த முழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வோக்கோடரில் இரண்டே சொற்களைச் சொல்லவைத்தார்கள். வோக்கோடர் என்பது மனிதக் குரலின் வடிவத்தைச் சிந்தசைஸரின் ஒலிமேல் ஏற்றித் தரும் கருவி. பேசுவது மனிதன், ஒலிப்பது இயந்திரம். எப்படியும் மனிதர்கள்தான் என்று பெயர் வைத்த தொகுப்பில் அந்தக் கருவியே பெரும்பாலும் வாய் திறக்கிறது என்பதை நான் இத்தனை ஆண்டுகளாக எண்ணி எண்ணிப் பார்த்து வருகிறேன்.

ஐந்தாவது பாட்டான 'மேக் லவ்' எனக்கு இந்தத் தொகுப்பின் உயிர்நிலை. ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிறிய கிட்டார் துண்டு, அடியில் மென்மையான தாளம், தூரத்தில் ஒரு முணுமுணுப்பு. எதுவும் நடப்பதில்லை என்று காக்கா குறைபடும் பாட்டும் இதுதான். அது பாதியைத் தாண்டியிருக்கும். மச்சான் எழுந்து வந்து என் காதருகே, "மாப்ள, இடது பெட்டியில ஏதோ லூசா கெடக்கு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டை நிறுத்தாமல் பெட்டியின் முன்வலையைத் தடவிப் பார்த்தேன். கீழ்மூலையில் ஒரு திருகாணி துரு ஏறித் தளர்ந்து, தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் மயிரிழை அளவுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுகளாக ரேடியோ செட் கட்டும் எனக்குப் பிடிபடாதது, இந்த இசையை முதல்முறை கேட்கும் ஒரு படகோட்டிக்குப் பிடிபட்டுவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "ஒரே மாதிரி வந்துக்கிட்டே இருந்துச்சு. அதுல இல்லாதது ஒண்ணு வந்தா தெரியாதா?" என்றார். ராத்திரி முழுக்க இன்ஜின் சத்தத்துக்கு நடுவே இருப்பவர் அவர். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் அசந்து தூங்கினாலும், டீசல் பீய்ச்சும் நாசிலில் அடைப்பு விழுந்தால் அடுத்த சுற்றிலேயே அவருக்கு விழிப்பு வந்துவிடுமாம்.

மீதிப் பாட்டுகள் ஓடின. தொலைக்காட்சி அலைவரிசை மாற்றும் ஓசை மட்டுமே கொண்ட 'ஆன் ஆஃப்' இருபது விநாடிக்குள் கடந்துபோனது. கட்டளை வினைகளை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும் 'டெக்னாலஜிக்' வந்தபோது, ராப் பாடகர் பஸ்டா ரைம்ஸின் பாட்டில் இதைக் கேட்டிருப்பதாக மருமகன் மகிழ்ந்தான். ஏழு நிமிடத்தை நெருங்கும் 'எமோஷன்' முடிந்தபோது மணி ஒன்பதரை ஆகவில்லை.

காக்கா எழுந்தார். "மச்சான் திருகாணியைக் கண்டுபிடிச்சாருன்னா, பாட்டுல காதுக்கு வேலை இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

மே 13, செவ்வாய்

இரண்டு நாட்களாக அந்தக் கேள்வி உடனிருக்கிறது. இப்போது என் பதிலை எழுதிவிடுகிறேன்.

காதுக்கு வேலை இல்லாவிட்டால் மச்சான் தூங்கியிருப்பார். உறுமி மேளத்தில் உறுமிக்காரர் அரைமணி நேரம் ஒரே இழுப்பை இழுக்கும்போது, கேட்பவர் மெட்டுக்காகக் காத்திருப்பதில்லை. இழுப்பின் அழுத்தத்தையும் அதன் ஈரத்தையும் கேட்கிறார். 'மேக் லவ்' பாட்டும் அப்படிக் காது கொடுப்பதைத்தான் கேட்பவரிடம் எதிர்பார்க்கிறது. சுற்றிவரும் துண்டு மாறாமல் இருப்பதால், அதற்கு அடியில் ஏதோ ஒன்று சற்றே கூடுவதும் குறைவதும் பெரிய நிகழ்ச்சிகளாகிவிடுகின்றன. ஆறு வாரத்தில் செய்தார்கள் என்பது உண்மை. அந்த அவசரத்தின் கரடுமுரடு ஒலியில் அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை. அந்தக் கரடுமுரட்டை மழித்துவிட்டால் எனக்கு இந்தத் தொகுப்பு வேண்டாம்.

காக்கா பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 'தி பிரெயின்வாஷர்' எனக்கும் நீளமாகவே தோன்றுகிறது. 'ஸ்டீம் மெஷின்' பாட்டின் சீறல் நடுவில் ஓரிடத்தில் தன் வேகத்தை இழந்துவிடுகிறது என்பதை ஞாயிறன்று பெரிய செட்டில் கேட்டபோது உணர்ந்தேன்.

மே 30, வெள்ளி

மருமகன் ஊருக்குத் திரும்பும் முன், அவன் சொன்ன கச்சேரிப் பதிவை அவனோடு சேர்ந்து கேட்டேன். 2006 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் பிரமிடு வடிவ மேடையில் நின்று தொடங்கிய சுற்றுப்பயணத்தின் பதிவு இது. 2007 ஜூன் 14 அன்று பாரிசின் பெர்சி அரங்கில் எடுத்தது. அதில் 'டெலிவிஷன் ரூல்ஸ் தி நேஷன்' பாட்டின்மேல் 'டிஸ்கவரி'யின் 'கிரெசெண்டால்ஸ்' வந்து அமரும், 'டூ லாங்' பாட்டுக்குள் 'ஸ்டீம் மெஷின்' நுழையும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். கேட்கக் கேட்க உடல் சிலிர்த்தது. அதற்கு 2009இல் கிராமி விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும் அந்தக் கச்சேரிதான் இந்தத் தொகுப்பை மீட்டது என்று ரசிகர்கள் பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கச்சேரியில் இதன் பாட்டுகள் தனியாக வருவது அரிது. முன்னிரு தொகுப்புகளின் இனிமையைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகின்றன. புளியைப் பானகமாகக் கரைத்துக் குடித்தவர், புளியின் சுவையே இதுதான் என்று சொல்வதுபோல் இருக்கிறது அந்தப் பாராட்டு. 'மேக் லவ்' பாட்டுக்கு அந்தப் பதிவின் பன்னிரண்டு தடங்களிலும் இடமில்லை என்பதை மருமகனிடம் சுட்டிக்காட்டினேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அது கூட்டத்துல போடுற பாட்டு இல்ல மாமா" என்றான். ஒத்திகை என்ற சொல்லை அதன்பின் அவன் பயன்படுத்தவில்லை.

ஜூன் 14, சனி

தடைக்காலம் இன்று நள்ளிரவோடு முடிகிறது. கரையெங்கும் ஐஸ் வண்டிகளும் டீசல் கேன்களும் நிற்கின்றன. கழுவி வண்ணம் பூசிய படகுகளில் ஒவ்வோர் இன்ஜினையும் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

காலையில் காக்கா பேசினார். கருத்து மாறவில்லை. 2021 பிப்ரவரியில் இருவரும் பிரிந்துவிட்ட செய்தி வந்த அன்றைக்குத் தாம் கேட்டது 'டிஸ்கவரி'யைத்தான் என்றும், இனி எந்நாளும் அதையே கேட்கப்போவதாகவும் சொன்னார். போனை வைக்கும் முன், கிடங்கில் கேட்ட அந்தக் கடைசிப் பாட்டின் பெயர் என்னவென்று விசாரித்தார். 'எமோஷன்' என்றேன். "ஏழு நிமிசமா அது?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அவ்வளவு நேரமாத் தெரியல தம்பி" என்றார்.

மாலையில் மச்சான் வந்து, படகில் கேட்பதற்காகத் தன் மெமரி கார்டைக் கொடுத்தார். பத்துப் பாட்டுகளையும் வரிசைப்படி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏழாவதாக இருக்கும் 'ஆன் ஆஃப்' வெறும் சத்தம்தானே, அதை விட்டுவிடலாம் என்றார். அதற்குப் பிறகு வரும் தொலைக்காட்சிப் பாட்டுக்கு அதுதான் கதவு என்று சொல்லி, அதையும் சேர்த்தே ஏற்றிக் கொடுத்தேன்.