முக்திநாத் போனா ராணிபௌவால ஒரு ராத்திரி தங்குங்க

நம்மாளுங்க நிறைய பேர் நேபாளத்துல ஜோம்சோம்ங்கற ஊர்ல காலைல ஜீப் பிடிச்சு முக்திநாத் போயி, பெருமாளை சேவிச்சுட்டு மத்தியானமே இறங்கிடறாங்க. கோயிலுக்குக் கீழ இருக்கற ராணிபௌவா கிராமம் அவங்களுக்கு வெறும் ஜீப் ஸ்டாண்டுதான். நானும் அம்மாவும் அங்கயே தங்கினோம், 3,700 மீட்டர் உயரம்ங்கறதால நாலு அடி வெச்சாலே மூச்சு வாங்குது, உடம்பு கொஞ்சம் பழகட்டும்னுதான்.

ஒரே தெரு. லாட்ஜ், சாளக்கிராமக் கடை, வாசல்ல தறி போட்டு சால்வை நெய்யற பொம்பளைங்க. சாயங்காலமானா மனாங் பக்கத்துலேர்ந்து 5,416 மீட்டர் தோரோங் லா கணவாயைத் தாண்டி ட்ரெக்கிங் கும்பல் முட்டியப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வருது. டைனிங் ஹால்ல ஒரு மேஜைல அவங்க, அடுத்த மேஜைல திருமண்ணோட நம்மாளுங்க, எல்லாருக்கும் அதே தால் பாத். பூண்டு வெங்காயம் வேணாம்னு லாட்ஜ் தீதிகிட்ட (அங்க அக்காவை அப்படித்தான் கூப்பிடறாங்க) சொல்லியும் பருப்புல ஒரு வாசனை, "என்னடி இது?"ன்னு அம்மா கேட்டா, தீதி சிரிச்சுக்கிட்டே "ஜிம்பு, ஜிம்பு"ங்கறாங்க. அந்த ஊர்ல தாளிக்கற காஞ்ச மூலிகை. அதுவும் வெங்காயக் குடும்பம்தான்னு நான் வாயே தெறக்கல, அம்மா ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க!

விடிஞ்சதும் ஏறினோம். அரைவட்டமா 108 தாரை, மாட்டு முகத்துலேர்ந்து கொட்டற பனித்தண்ணி, முதல் பத்துக்குள்ளயே தலை மரத்துப் போச்சு, அம்மா பாட்டுக்கு "நாராயணா நாராயணா"ன்னு ஓடறாங்க, எனக்குத்தான் பல்லு கிட்டிச்சு. உள்ள ஸ்ரீமூர்த்திப் பெருமாள், திருமங்கையாழ்வார் "சாளக்கிராமம் அடைநெஞ்சே"ன்னு மங்களாசாசனம் பண்ணின திவ்யதேசம், ஆனா சன்னதில இருக்கறது பௌத்த பிக்குணிகள். அவங்களுக்கு அதே மூர்த்தி சென்ரெசிக், அதாவது கருணையோட வடிவமான போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். இதுல யாருக்கும் யாரோடவும் சண்டையில்ல, அவங்க தீர்த்தம் குடுத்தாங்க நாங்க வாங்கிக்கிட்டோம், அவ்வளவுதான். பக்கத்துல ஜ்வாலா மாய் கோயில், தண்ணி ஓடற சத்தம் கேக்கற எடத்துலயே சின்னதா நீல நெருப்பு, பூமிக்குள்ளேர்ந்து வர்ற கேஸ்தான். காரணம் தெரிஞ்சும் கை தானா கும்பிடுது.

ஒண்ணு, காலி கண்டகி ஆத்துப் பள்ளத்தாக்குல மத்தியானம் காத்து பேயா அடிக்கும், ஜோம்சோம் ஃப்ளைட்டெல்லாம் அதனாலதான் காலைலயே. வழில இருக்கற காக்பேனில ஆத்தங்கரைல தர்ப்பணம் பண்ற எண்ணம் இருந்தா முக்திநாத்துக்கு ஏறும்போதே காலைல முடிச்சுடுங்க, எறங்கி வரும்போது பாத்துக்கலாம்னு விட்டா எள்ளு கைல நிக்காது.