அசையாத படத்துக்கு ஒரு கேமரா

ஓவியத்தைப் படம் எடுக்கக் கேமரா தேடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. கடையில் அடுக்கிச் சொல்லப்படும் பெருமைகளில் பாதியைக் காதில் வாங்காமலே விட்டுவிடலாம். நொடிக்கு எத்தனை படம் எடுக்கும், ஓடுகிற பிள்ளையை எப்படித் துரத்திப் பிடிக்கும், இருட்டில் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? சுவரில் மாட்டிய படம் எங்கும் ஓடப்போவதில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிடிபடுவதற்குள், மலேசியாவில் நான் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ நகருக்குக் கொஞ்ச நடையா நடந்தேன்!

நான் நீர்வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் வரைகிறவன். ரப்பர் பால்மரக் காடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல், திருவிழா நாளின் தீமிதி என்று தோட்டத்தில் பார்த்து வளர்ந்ததைத்தான் வரைகிறேன். பால்மரம் நின்ற இடங்களில் எண்ணெய்க்கான செம்பனை ஏறிவிட்டது, லயங்களும் குறைந்துவிட்டன. வெளியூருக்குப் போய்விட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது அந்தப் படங்களுக்குப் பிரதி கேட்கிறார்கள். மூலத்தை விற்க எனக்கு மனம் வராது. பிரதி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று கைபேசியில் எடுத்து அச்சுக்கு அனுப்பினேன். ஏ3 தாளில் வந்ததைப் பார்த்தால், லயத்துக் கூரையின் நேர்க்கோடு நடுவில் வீங்கியிருந்தது. காகிதத்தின் வெண்மை நீலம் பாய்ந்திருந்தது. தூரிகை இழுத்த தடம் எல்லாம் மழுங்கிப்போயிருந்தது.

அக்கா மகனிடம் சொன்னேன். "மாமா, என் கைபேசியில் 108 மெகாபிக்சல் இருக்கிறது. அதில் எடுத்துப் பாருங்கள். ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?" என்றான். எடுத்தும் பார்த்தோம். அந்தமாதிரிக் கைபேசிகள் பெரும்பாலும் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகவே சேமிக்கின்றன. 108-ஐயும் முழுதாகத் திறந்து எடுத்தாலும், கைபேசி தன் விருப்பத்துக்குப் படத்தைக் கூர்மையாக்கி, நிறத்தை ஏற்றிவிடுகிறது. சாப்பாட்டைப் படம் எடுக்க அது சரி. நான் இரண்டு நாள் உட்கார்ந்து கலந்த சாம்பல் பச்சையை அது 'அழகுபடுத்த' வேண்டியதில்லை.

எவ்வளவு மெகாபிக்சல் வேண்டும் என்பதை நானே கணக்குப் போட்டேன். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 தாளுக்கு 2480-க்கு 3508, அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. ஏ3-க்கு 3508-க்கு 4961, பதினேழரைக்குச் சற்றுக் குறைவு. நான் ஏ3-க்கு மேல் அச்சிடப்போவதில்லை. ஓரம் வெட்டுவதற்கும் இடம் விட்டால் 24 மெகாபிக்சல் போதும், அதற்கு மேல் வீண்.

கையில் இருந்தது 1,000 வெள்ளி (ரிங்கிட்). அதற்குள் கேமரா, லென்ஸ், முக்காலி, விளக்கு எல்லாம் அடங்க வேண்டும். புதுக் கேமரா என்று கேட்டால், அந்தக் காசுக்கு வருபவை சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய ரகம். அவற்றில் ஒளியைப் பதியும் சென்சார் சிறியது. பலவற்றில் ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாமல் பதிந்தபடியே, சேமிக்கும் வசதியும் இல்லை. ரா இல்லாவிட்டால் நிறத்தைப் பிறகு திருத்த முடியாது என்றில்லை. திருத்தத் திருத்தப் படம் கெட்டுப்போகும். கண்ணாடியில்லா மிரர்லெஸ் வகை என் பைக்கு எட்டாது. ஆகவே எல்லாரும் விற்றுத் தள்ளுகிற, உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் பக்கம் திரும்பினேன். இதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. மற்றவர்கள் அவற்றை விற்கும் காரணங்களான எடை, மெதுவான வேகம், சுமாரான வீடியோ எதுவும் ஓவியத்தைப் பாதிக்காது.

கேனான் 1200டி, நிக்கான் டி3200 இரண்டும் மலிவாகக் கிடைத்தன. முன்னது 2014-இல் வந்தது, 18 மெகாபிக்சல். பின்னது 2012-இல் வந்தாலும் 24 மெகாபிக்சல். நிக்கானில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு படத்தை எடுத்துக் கணினியில் போட்டால், ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண் அந்தக் கோப்புக்குள்ளேயே கிடைத்துவிடும். பழைய வண்டி வாங்குகிறவன் மைல் கணக்கைப் பார்க்காமல் வாங்குவானா?

ஈப்போவில் பழைய கேமரா விற்கும் கடையில் தௌக்கே, அதாவது முதலாளி, நல்ல மனிதர். 18-55 ஜூம் லென்ஸோடு சேர்த்துக் கொடுக்கிறேன் என்றார். நான் உடலை மட்டும் கேட்டேன். அந்த ஜூம் 18 மில்லிமீட்டரில், அதாவது அகலமாகக் காட்டும் முனையில், நேர்க்கோட்டை வளைக்கும். வளைந்த கூரையைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டேனே. அலமாரியில் பழைய 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 டி வகை லென்ஸ் ஒன்று இருந்தது (எஃப் என்பது ஒளி புகும் துளையின் அளவைக் குறிக்கும் எண்). தௌக்கே தலையை ஆட்டினார்: "டி3200-க்குள் மோட்டார் இல்லை. இந்த லென்ஸ் தானாகக் குவியாது, கையால்தான் திருப்ப வேண்டும். யாரும் வாங்குவதில்லை." யாரும் வாங்காததால்தான் விலை அப்படி இறங்கிக் கிடந்தது. ஓவியத்துக்குக் கையால் குவிப்பதே மேல். பின்திரையில் நேரடிக் காட்சியைப் பெரிதாக்கி, காகிதத்தின் நார் தெரியும்வரை திருப்பலாம்.

லென்ஸை மாட்டியதும் திரையில் எஃப், இ, இ என்று மூன்று எழுத்து மின்னியது. பழுதோ என்று பயந்தேன். தௌக்கே சிரித்துக்கொண்டே லென்ஸின் துளை அளவை மாற்றும் வளையத்தை 22-க்குத் திருப்பிப் பூட்டினார், எழுத்து மறைந்தது. வளையம் உள்ள பழைய லென்ஸை அப்படிப் பூட்டாமல் இந்தக் கேமராவில் போட்டால் இது எல்லாருக்கும் வருமாம்.

நம் நாட்டின் ஈரத்தில் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் பூஞ்சையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகப் பார்த்தேன். சிலந்தி நூல் போல் ஏதாவது படர்ந்திருந்தால் வாங்கவே கூடாது. இது சுத்தமாக இருந்தது. வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்பே வீட்டுக் கூடத்தை அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். கணக்கு எளிது. ஓவியத்தின் அகலத்தைச் சென்சாரின் அகலத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, லென்ஸின் மில்லிமீட்டரால் பெருக்க வேண்டும். டி3200-இன் சென்சார் அகலம் 23 மில்லிமீட்டர் சொச்சம். ஓரத்தோடு 65 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்துக்கு 28-ஐயும் ஒன்றையும் கூட்டி 50-ஆல் பெருக்கினால் ஒன்றரை மீட்டருக்குள் வருகிறது. கூடம் தாராளம். மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸ் என்றால், மூன்றடி உயரமும் சென்சாரின் உயரத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், மூன்று மீட்டருக்கு மேல் போகிறது. அப்போது முக்காலி வாசற்படியைத் தாண்டி வராந்தாவில் நிற்கும்.

மிச்சமிருந்த காசு முக்காலிக்கும் விளக்குக்கும் போனது. உண்மையில் அவைதான் படத்தைக் காப்பாற்றின. 'வடக்கு ஜன்னல் வெளிச்சம் சிறந்தது' என்று குளிர்நாட்டார் எழுதியதைப் படித்துவிட்டு ஜன்னலோரம் வைத்துப் பார்க்காதீர்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. போதாக்குறைக்கு என் வடக்கு ஜன்னலுக்கு வெளியே முழுக்கச் செம்பனை. அதிலிருந்து தெறிக்கும் பச்சை காகிதத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே இரவில் எடுக்கிறேன். ஒரே ரக எல்இடி பல்பு இரண்டு, சிஆர்ஐ 95 என்று பெட்டியில் போட்டவை. நிறங்கள் எவ்வளவு மெய்யாகத் தெரியும் என்பதற்கான அளவு அது, உச்சம் 100. ஓவியத்துக்கு இருபுறமும் 45 பாகையில் சமதூரத்தில் வைத்து, கூடத்து விளக்கை அணைத்துவிடுவேன். படத்தின் நடுவில் ஒரு பென்சிலைப் படத்திலிருந்து நேரே வெளியே நீட்டியபடி பிடித்தால் இரண்டு நிழல் விழும். இரண்டும் ஒரே நீளம், ஒரே கருமை என்றால் வெளிச்சம் சமம்.

கேமரா ஓவியத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கவும் ஓர் எளிய வழி உண்டு. ஓவியத்தின் மீது முகம் பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வைத்துக் கேமராவில் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் காட்சியின் நட்ட நடுவில் தெரிந்தால் கோணம் சரி. இதற்குக் காசு செலவில்லை.

அதன் பிறகு வேலை வேகமாக முடிந்துவிடும்: ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100, எஃப் 8, டைமர், ரா. முதலில் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம். வெளிச்சத்தையும் வெண்மையையும் அதை வைத்தே முடிவு செய்கிறேன். இல்லாவிட்டால் வெள்ளைக் காகிதத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து, எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். கணினியில் ரா கோப்பைத் திருத்தும் டார்க்டேபிள் என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன். இலவசம். பழக நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

இரண்டாம் முறை அச்சில் கூரை நேராக வந்தது. சாம்பல் பச்சை சாம்பல் பச்சையாகவே இருந்தது. அக்கா மகன் ஒன்றும் சொல்லவில்லை. தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான் போலும். அக்கா தன் வீட்டுத் தஞ்சாவூர்க் கிருஷ்ணனையும் எடுத்துத் தரச் சொல்கிறாள். தங்க ரேக்கு தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். இருட்டுக் கூடத்தில் அது கறுத்துப்போகும், எனவே மேலே சாய்வாக ஒரு வெள்ளை அட்டை பிடிக்க வேண்டும். அதை எப்படியும் செய்துவிடலாம். சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றத்தான் அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை.