தட்டச்சுப் பயிற்சியில் எதைச் சேமிப்பது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு விசைப்பலகை அமைப்புக்கான ஒரு சின்ன இணையப் பயிற்சிக் கருவியைப் பராமரித்து வருகிறேன். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எதுவும் கேட்பதில்லை.

பெயர் இல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு விசையை எவ்வளவு நேரம் அழுத்துகிறோம், அடுத்த விசைக்குப் போக எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதெல்லாம் கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். அதை வைத்தே ஆளை அடையாளம் காணும் முறைகள் இருக்கின்றன. வேகத்தைக் கணக்கிட அந்த இடைவெளிகள் கருவிக்கு வேண்டும்தான். கணக்கு முடிந்ததும் அழித்துவிடுகிறேன். எந்த எழுத்தில் எத்தனை தவறு, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது மட்டும் பிரவுசரிலேயே தங்கும், சர்வருக்கு வராது. எழுத்துருவையும் என் சர்வரிலிருந்தே தருகிறேன். வெளியிலிருந்து இறக்கினால் பிள்ளைகளின் ஐபி முகவரி (அவர்களின் இணைய இணைப்பைக் காட்டும் எண்) அங்கேயும் போய்ச் சேரும்.

ஆனால் எங்கள் பக்கம் இது மட்டும் போதாது. டியூஷன் சென்டரில் ஒரே கம்ப்யூட்டரில் பிள்ளைகள் மாறி மாறி உட்காருகிறார்கள். பிரவுசரில் இருப்பது அடுத்து வருபவர் கண்ணில் படும். “நீ இன்னும் ழ அடிக்கவே தடுமாறுறியா?” என்று கேட்கும் பக்கத்து சீட்டுப் பையன்தான், அந்தப் பிள்ளைக்கு எந்தக் கம்பெனியையும்விடப் பெரிய தொல்லை. அதனால் முதல் திரையிலேயே ‘பொதுக் கம்ப்யூட்டர்’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்திப் பயிற்சி செய்தால், டேபை மூடியதும் எல்லாம் போய்விடும். மறுநாள் தொடர ஒரு குறியீடு வரும், நோட்டில் எழுதிக்கொள்ளலாம். எட்டிய பாடமும் வேகமும் அந்தக் குறியீட்டுக்குள்ளேயே அடக்கம்.

சென்டர் நடத்தும் மாஸ்டர் ஒருநாள் கேட்டார்: “தம்பி, எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் அடிச்சதுன்னு எனக்கு ஒரு ரிப்போர்ட் வந்தா நல்லாருக்கும்.” அக்கறையில் கேட்டதுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடியதாக. சட்டம் இல்லாவிட்டாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் கஷ்டமான எழுத்துகளை விட்டுவிட்டு, நன்றாக வரும் பாடத்தையே திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

சரி, பிள்ளையே விரும்பினால் தன் மதிப்பெண்ணைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் வசதியைச் சேர்த்தேன். மாஸ்டருக்கு அது போதவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.