உறக்கம் குறைந்தும் களைக்காத பிள்ளை

பள்ளி ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் வரும் பெற்றோர், பைபோலார் என்னும் இருமுனை மனநோயைப் பற்றிக் கேட்கும்போது பெரும்பாலும் கோபத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கைப்பேசியை வாங்கி வைத்தால் கத்துகிறான், அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு சாப்பிட வருகிறான், இது அந்த நோயாக இருக்குமோ என்பது அவர்களின் கேள்வி. ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கும் மனநிலை பதின்ம வயதில் வழக்கமானது. அதை மட்டும் வைத்து இந்நோயைச் சந்தேகிப்பதற்கில்லை. நான் முதலில் விசாரிப்பது உறக்கத்தை.

உறக்கம் வராமல் புரண்டு படுத்து, காலையில் கண் எரிச்சலோடு எழும் பிள்ளையைப் பற்றி நான் சொல்லவில்லை. இரவில் இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும், மறுநாளும் அதற்கடுத்த நாளும் சோர்வின் சாயலே இல்லாமல் சுறுசுறுப்பாகத் திரிவது வேறு. இந்நோயின் ஒரு முனையான மன எழுச்சிக் கட்டத்தின் தெளிவான அடையாளங்களில் அது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும் வீட்டில், பிள்ளை விடிய விடிய விழித்திருப்பது பெருமையாகவே பேசப்படும் என்பதால், இந்த அடையாளம்தான் எளிதில் தப்பிவிடுகிறது. அருகில் உட்கார்ந்து பார்த்தால் படிப்பு நடந்திருக்காது: இயற்பியலைத் திறந்து பாதியில் விட்டு, ஒரு செயலி தொடங்கும் திட்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதி, அதையும் விட்டுவிட்டு நள்ளிரவில் நண்பர்கள் எல்லோரையும் அழைத்திருப்பாள். பேச்சு இடைமறிக்க முடியாத வேகத்தில் வரும். அப்பாவின் ஜிபேயிலிருந்து பணம் போயிருக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை முன்பின் தெரியாதவர்களோடு வரம்பு மீறிப் பழகத் தொடங்கும். சிலருக்கு, தமக்குத் தனிச் சக்தி வாய்த்திருக்கிறது என்ற நம்பிக்கை வரைக்கும் இது போகும். இவையெல்லாம் சேர்ந்து, நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் மருத்துவர்கள் அதை முழு எழுச்சிக் கட்டமாகக் கருதுகிறார்கள். மிதமான வடிவத்துக்கு நான்கு நாள்கள் என்பது அளவு. பிள்ளையை அதன் பழைய இயல்போடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அல்ல.

எத்தனை நாள் நீடித்தது என்பதில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்கு அமெரிக்காவில் நடந்தது ஒரு காரணம். 1990களில் அங்கே சில மனநல மருத்துவர்கள், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் எரிச்சலோடு இருக்கும் சிறுவர்களையும் இந்நோயின் கணக்கில் சேர்த்தார்கள். 1994-95க்கும் 2002-03க்கும் இடையில், 19 வயது வரையிலானோர் இந்நோயின் பெயரில் மருத்துவரைப் பார்த்த எண்ணிக்கை சுமார் 40 மடங்கு உயர்ந்தது. பிறகு அந்நாட்டுத் தேசிய மனநல நிறுவனத்தில் எலன் லீபென்லுஃப்ட் குழுவினர் செய்த ஆய்வுகள், அத்தகைய பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வருவது பெரும்பாலும் மனச்சோர்வும் பதற்றமுமே என்று காட்டின. 2013இல் வெளிவந்த அமெரிக்க நோயறிதல் கையேடு அவர்களுக்கென்று தனிப் பிரிவே ஏற்படுத்தியது. எப்போதும் இருக்கும் எரிச்சல் வேறு, ஒரு தேதியில் தொடங்கி ஒரு தேதியில் அடங்கும் மாற்றம் வேறு.

சிக்கல் என்னவென்றால், பலருக்கு இந்நோய் எழுச்சியாக முதலில் வருவதில்லை, அதன் மறுமுனையான மனச்சோர்வாகத்தான் வருகிறது. பகலெல்லாம் தூங்கி, குளிக்க மனமில்லாமல், மதிப்பெண் சரிந்து கிடக்கும் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், ஆறு மாதத்துக்கு முன் அவன் அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்த பத்து நாள்களை மருத்துவரிடம் சொல்வதே இல்லை, ஏனெனில் அவற்றை நல்ல நாள்கள் என்றே நினைக்கிறார்கள். அந்தத் தகவல் இல்லாமல் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் தரப்பட்டால், சிலருக்கு அது எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். (இதைப் படித்துவிட்டு, கொடுக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.) தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, கஞ்சா ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையும் ஒளிவில்லாத பேச்சும் தேவை. கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

எழுச்சியின் வேகமும் சோர்வின் விரக்தியும் ஒரே வேளையில் கலந்திருக்கும் கட்டத்தில் தற்கொலை ஆபத்து மிக அதிகம். சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் முன்பதிவுக்குக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு விஷயங்கள் கையில் இருந்தால் நல்லது. ஒன்று, பிள்ளை எப்போது படுத்தது, எப்போது எழுந்தது என்று தேதி போட்டு எழுதிய சிறு நோட்டு. மற்றொன்று குடும்ப வரலாறு, வீடுகளில் அதுதான் ஒளித்து வைக்கப்படுகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல், அப்படியும் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. ஆனால் நாளை பெண் கேட்டு வருபவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று சித்தப்பாவின் சிகிச்சையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அந்தச் சித்தப்பா, மனநிலையைச் சீராக வைக்கும் மருந்தான லித்தியம் எடுத்துப் பல ஆண்டுகளாக நலமாக இருக்கிறார் என்றால், அதே மருந்து பிள்ளைக்கும் ஒத்துவரக்கூடும் என்பதற்கு மருத்துவருக்குக் கிடைக்கும் அரிய குறிப்பு அது.