ஒரு குதிரையா, பல குதிரைகளா? லூயிஸ் கரையில் பெயர் பதிந்த அனுபவம்

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸைச் சேர்ந்த லூயிஸ் தீவின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்துக்கு உள்ள கேலிக் மொழி இடப்பெயர்களைத் திரட்டி, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் பணியில் ஒரு கோடையைச் செலவிட்டேன். ஜிபிஎஸ் கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும் என்று நினைத்துப் போன எனக்கு, முதல் வாரம் பழைய வரைபடங்களோடே கழிந்தது.

பதிப்புரிமை உள்ள வரைபடத்திலிருந்து பெயரை எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இடக் கூடாது என்பதால், அந்த உரிமை முடிந்துபோன 19 ஆம் நூற்றாண்டின் வரைபடங்களை, அதாவது பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்தவற்றையும் அவற்றுக்காகத் தொகுக்கப்பட்ட பெயர்ப் புத்தகங்களையும் அடிப்படையாகக் கொண்டேன். ஒரு பெயரை எப்படியெல்லாம் எழுதினார்கள், அதை உறுதிப்படுத்தியவர் யார், இடம் எப்படிப்பட்டது என்பவற்றுக்கு அப்புத்தகங்களில் தனித்தனிப் பத்திகள் உண்டு. அவை இல்லையென்றால் நான் திண்டாடியிருப்பேன்.

கரையின் வடிவங்களுக்கு கேலிக்கில் உள்ள சொற்களைப் பழகிய பிறகே படத்தைப் படிக்க முடிந்தது. பாறையைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே புகும் ஒடுங்கிய செங்குத்துப் பிளவு 'கியோஅ'. நீருக்கு மேல் தலைகாட்டும் பாறைத்திட்டு 'ஸ்கெர்'. நீருக்கடியில் மறைந்திருந்து அலையை உடைக்கும் பாறை 'போஅ'. மூன்றும் வைக்கிங் காலத்து நார்ஸ் மொழியிலிருந்து கேலிக்குக்குள் வந்தவை.

உள்ளூர் முதியவர் ஒருவர், ஆட்டுப்பட்டியை மகனிடம் விட்டுவிட்டு, என்னோடு பாறை விளிம்புவரை நடந்து வந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஓரிடத்தில் அவர் சொன்னதைக் 'குதிரைகளின் கியோஅ' என்று எழுதிக்கொண்டேன். அன்றிரவு ஒலிப்பதிவை நான்கு முறை கேட்டபோதுதான் ஐயம் எழுந்தது. 'நன் எஃ' என்றால் பல குதிரைகள்; 'அன் எய்ஃ' என்றால் ஒரே குதிரை. முன்சொல் 'நன்' என்பதா 'அன்' என்பதா, கடைசி மெய் தொண்டையில் நிற்கிறதா, அண்ணத்தை நோக்கி மெலிகிறதா என்பவற்றில்தான் வேறுபாடு இருக்கிறது. ந, ன, ண பிரித்துக் கேட்டு வளர்ந்த காது என்று எனக்கொரு பெருமை இருந்தது. இங்கே அது உதவவில்லை. மறுநாள் அவரிடமே கேட்டேன். ஒரு குதிரைதான், விழுந்து செத்தது என்றார்.

பெரிய பிழை வேறிடத்தில் நேர்ந்தது. நான் பாறையின் மேல் நின்று புள்ளிகளை வைத்திருந்தேன். அவருக்கோ அப்பெயர்களில் பல, இளமையில் படகிலிருந்து பார்த்துப் பழகியவை. மேலிருந்து ஒரே பிளவாகத் தெரிந்த இடம், கடல்மட்டத்தில் பார்த்தால் இடையே ஒரு பாறைச்சுவர் நிற்கும் இரண்டு பிளவுகள். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். அமைதியான ஒரு காலையில் வாடகைப் படகில் சென்று, அவர் விரலால் சுட்டச் சுட்ட, 11 புள்ளிகளை இடம் மாற்றினேன். 'போஅ' ஒன்றை மட்டும், நீர் வற்றும்போது அலை உடைகிறதா என்று பார்க்க, மீண்டும் மாலையில் போய்ப் பதிந்தோம்.