கம்பமெட்டு ஏறாமல் ஃபயர்வால் விதிகளை மாற்றிய முறை

மலை மேலே, வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய்க் கிடங்கு. அங்கே டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) ஓடும் சின்னப் பெட்டிதான் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்கில் எது போகலாம், எது கூடாது என்று விதிப்படி தடுக்கும் சுவர். நிர்வாகம் எல்லாம் கீழே கம்பத்திலிருந்து, எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து லாகின் செய்யும் முறை) வழியாக. புது விதிகள் நம்மையே வெளியே தள்ளிவிட்டால், மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு கம்பமெட்டு ரோட்டில் ஏற வேண்டியதுதான். மழை நாளில் அது யாருக்கும் பிடித்த வேலை அல்ல.

லினக்ஸில் ஃபயர்வால் விதிகளைப் போடும் பழைய கருவி ஐபிடேபிள்ஸ். அதன் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகக் கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) போகும். பாதியில் நின்றால் பாதிச் சுவர்தான். லினக்ஸ் 3.13 (2014) முதல் உள்ள புதிய கருவி என்எஃப்டேபிள்ஸ் அப்படி இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே கட்டாக வாங்கி, புது விதிகளைப் பழையவற்றின் பக்கத்திலேயே கட்டி, எல்லாம் சரி என்றால் ஒரே நொடியில் மாற்றிவிடும். எந்தப் பாக்கெட்டும் ஒன்று பழையதைப் பார்க்கும், இல்லையேல் புதியதைப் பார்க்கும். ஒரு வரி தப்பானாலும் எதுவும் மாறாது.

இந்தப் பாதுகாப்பு, அழிக்கும் வரியும் அதே கோப்புக்குள் இருந்தால்தான். முதலில் கையால் ஃப்ளஷ் (விதிகளை அழிக்கும் கட்டளை) அடித்துவிட்டுப் பிறகு கோப்பை ஏற்றினால், இடையில் சுவரே கிடையாது. எல்லா விதிகளையும் அழிக்கும் ஃப்ளஷ் ரூல்செட்டை நாங்கள் கோப்புக்குள்ளும் வைப்பதில்லை. டாக்கர், ஃபெயில்டுபேன் போன்ற வேறு மென்பொருள்கள் போட்ட விதிகளையும் அது துடைத்துவிடும். எங்கள் டேபிளை (எங்கள் விதிகளின் தொகுப்பு) மட்டும் மாற்றுகிறோம்: முதல் வரியில் டேபிளை வெறுமனே அறிவிப்பு, இரண்டாவதில் டெலீட், அதன் கீழே முழு விதிகள். முதல் வரி வீண் இல்லை. டேபிள் இல்லாத நேரத்தில், உதாரணமாக பூட் ஆகும்போது, டெலீட் தோற்றால் மொத்தக் கோப்பும் தோற்கும்.

திரும்பிப் போகும் வழியை முதலில் கட்டினோம். டிஸ்க்கில் இருக்கும் கோப்பும் கர்னலில் ஓடுவதும் ஒன்றுதான் என்று நம்பக் கூடாது. யாராவது அவசரத்தில் கையால் ஒரு விதி சேர்த்திருப்பார்கள். ஓடும் டேபிளைப் பட்டியலிட்டு ஒரு கோப்பில் எடுத்து, மேலே அதே இரண்டு வரிகளைச் சேர்த்தோம். அந்த வரிகள் இல்லாமல் ஏற்றினால் பழைய விதிகள் புதியவற்றின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். பழையது, புதியது இரண்டு கோப்பையும் மைனஸ் சி (ஏற்றாமல் சரிபார்க்க மட்டும் சொல்வது) போட்டுச் சோதித்தோம். அது எழுத்துப் பிழையைப் பிடிக்கும். எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறக்க மறந்ததைப் பிடிக்காது.

பிறகு சிஸ்டம்டி-ரன் (பின்னணியில் வேலையை ஓடவிடும் கட்டளை) கொண்டு, 3 நிமிடத்தில் பழைய கோப்பை ஏற்றும்படி ஒரு டைமர். இது எஸ்எஸ்ஹெச் அறுந்தாலும் சாகாது. பெயர் வைத்து ஓடவிடுங்கள், நிறுத்தும்போது தேட வேண்டாம். சிஸ்டம்டி டைமரின் இயல்பான துல்லியம் 1 நிமிடம். 4 நிமிடம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பதறலாம்.

புது விதிகளை ஏற்றிய பின், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச் விண்டோ வேலை செய்கிறதே என்று டைமரை நிறுத்திவிடாதீர்கள். எஸ்டாப்லிஷ்ட் (ஏற்கனவே ஏற்பட்ட) இணைப்புகளை அனுமதிக்கும் விதி அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். புது லாகின் அடைபட்டிருக்கலாம். மொபைல் டேட்டாவில் வேறு லேப்டாப்பிலிருந்து புதிதாக உள்ளே போனால்தான் கணக்கு. அதன் பிறகே டைமரை நிறுத்தி, கோப்பை நிரந்தர இடத்தில் வைத்தோம். இதன் மறுபக்கமும் உண்டு: புதிதாகத் தடுத்த ஒருவரின் பழைய இணைப்பு அறுபடாது. நாட் (பாக்கெட்டின் முகவரியை மாற்றும்) விதியில் செய்யும் மாற்றமும் புது இணைப்புகளுக்குத்தான். பழைய இணைப்புக்கும் பொருந்த, கான்ட்ராக்கில் (கர்னல் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியல்) அதன் பதிவைக் கையால் நீக்க வேண்டும்.

ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இருந்தால் நெய்பர் டிஸ்கவரிக்கு (பக்கத்துச் சாதனங்களைக் கண்டுபிடிக்கும் முறை) அனுமதி கொடுங்கள். இல்லையேல் சிறிது நேரம் கழித்து ஐபிவி6 மட்டும் செத்துப்போகும், காரணம் உடனே தெரியாது.

மலையில் கரண்ட் போய் வருவது சாதாரணம். அப்போது பெட்டி எழும் நேரத்தில் பிபிபி0 (இன்டர்நெட் இணைப்புக்கான இன்டர்ஃபேஸ்) இன்னும் பிறந்திருக்காது. விதியில் அதை ஐஐஎஃப் (பாக்கெட் உள்ளே வரும் இன்டர்ஃபேஸ்) என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரை ஏற்றும்போதே எண்ணாக மாற்றப் பார்த்துத் தோற்கும். ஒரு வரிக்காக மொத்தமும் நிராகரிக்கப்பட்டு, பெட்டி விதியே இல்லாமல் திறந்து கிடக்கும். ஐஐஎஃப்நேம் என்று எழுதினால் பெயரை வைத்தே ஒப்பிடும். விதிகளில் ஹோஸ்ட்நேம் எழுதாமல் முகவரியே எழுதுவதும் இதே காரணத்துக்காக: பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அந்த நேரத்தில் கிடையாது.

டெபியனில் இன்னொன்று: என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நிறுத்தும்போது அது எல்லா விதிகளையும் துடைக்கும், டாக்கருடையதையும் சேர்த்து. ரீலோட் போதும். ரீபூட் சோதனையை மட்டும் கிடங்கில் ஆள் இருக்கும் பகல் நேரத்துக்கு வைத்துக்கொண்டோம்.