புரட்டாசியில் வாருங்கள்

கன்னியாகுமரிக்கு எப்போது வந்தால் நல்லது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது புரட்டாசி மாதத்தை. பெரும்பாலானவர்கள் மே மாத விடுமுறையில் வருகிறார்கள், இல்லையென்றால் சபரிமலை சீசனில். மே மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். மார்கழி, தையில் முக்கடல் பக்கம் நிற்கவே இடம் கிடைக்காது. ஆனி ஆடிச் சாரல் ஓய்ந்து, ஐப்பசி மழை இன்னும் பிடிக்காமல் இருக்கும் சில வாரங்கள் இருக்கின்றனவே, அப்போது எங்கள் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நன்றாகப் பெய்யும் மண் இது. ஒரு மழை போய் இன்னொன்று வருவதற்குள் குளமெல்லாம் நிறைந்து கிடக்கும், மலை துலக்கமாகத் தெரியும், வயலில் ஒரு பக்கம் கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லின் அறுவடையும் மறுபக்கம் கும்பப்பூ என்ற இரண்டாம் போக நடவுமாக இருக்கும். பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவும் அப்போதுதான்.

இந்த லீவுக்குச் சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. அண்ணன் மகன் ஐந்தாம் வகுப்பு, என் மகள் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரையும் வீட்டுக்குள் உட்கார வைக்கவே கூடாது என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

முதலில் மருந்துவாழ் மலை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பொற்றையடியில் இருக்கிறது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்பது ஊர்க் கதை. மூலிகைகள் நிறைய உள்ள மலை என்பதால் அந்தக் கதை இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கினோம். "கல்லுல ஈரம் கெடக்கு, பாத்துக் காலை வை மக்களே" என்று அப்பா பின்னால் வந்துகொண்டே இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பாதையோரம் தொட்டாச்சுருங்கி படர்ந்து கிடந்தது. என் மகள் ஒரு இலையின் நுனியை மட்டும் தொட்டாள். நுனியிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக மடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் காம்பும் தொய்ந்து கீழே விழுந்தது. திரும்ப எப்போது விரியும் என்று பார்க்காமல் நகர மாட்டேன் என்று இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். சூரிய உதயத்தை உச்சியில் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள், அதைப் பாதி மலையில்தான் பார்த்தோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

பிள்ளைத்தடம் குகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். நாராயண குரு தவம் இருந்த இடம். உச்சிக்குப் போனதும் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தென்னையும் வயலும் குளமும், தூரத்தில் காற்றாலைகள். தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் தும்பிகள். புரட்டாசியில் எங்கள் ஊரில் தும்பி பறக்காத வெட்டவெளி கிடையாது. சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் மாலத்தீவில் இருந்துகொண்டு பல வருஷம் இவற்றைக் கவனித்து 2009-ல் எழுதியிருக்கிறார். தும்பிகளில் ஒரு வகை இந்தியாவிலிருந்து காற்றின் போக்கில் மாலத்தீவைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்பது அவர் சொல்வது. இதைச் சொன்னதும் அண்ணன் மகன் எழுந்து நின்று, தெற்குப் பக்கம் போகும் தும்பிகளை மட்டும் எண்ண ஆரம்பித்தான்.

இறங்கி வந்த பசிக்குப் புட்டும் பயறும் பப்படமும். சாலையோரக் கடைதான். சென்னைப் பிள்ளை புட்டைத் தனியாக, பயறைத் தனியாகச் சாப்பிடப் பார்த்தான். அவனுடைய ஆச்சி, அதாவது என் அம்மா, அப்படி விடுவாளா? பப்படத்தை உள்ளங்கையால் நொறுக்கிப் புட்டு மேல் போட்டு, பயறைச் சேர்த்துப் பிசைந்து, ஒரு மட்டிப்பழத்தையும் உரித்துப் போட்டு உருட்டிக் கொடுத்தாள். அப்புறம் அவன் இன்னொரு குழாய்ப் புட்டு கேட்டான்.

மட்டிப்பழத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் வாழைப்பழ வகை, விரல் நீளம்தான் இருக்கும். தோல் மெல்லியது, பழுத்தால் அறை முழுக்க மணக்கும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பழம் இது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோடன் என்று கடையில் குலைகுலையாகத் தொங்கினாலும் முதலில் என் கை போவது மட்டிக்குத்தான். வெளியூருக்கு வாங்கிப் போகிறவர்கள் காயாகப் பார்த்து வாங்குங்கள், பழுத்தது பயணம் தாங்காது.

மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலம். நான் சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முதல் தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது வாய் அடைத்துப் போகும். இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் பறளியாறு ஓடுகிறது. இந்தப் பக்கத்து மலையில் வரும் வாய்க்கால் தண்ணீர் அந்தப் பக்கத்து மலைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல் கான்கிரீட் தொட்டியை வைத்துத் தண்ணீரை நடத்திக் கூட்டிப் போகிறார்கள். மோட்டார் எதுவும் கிடையாது, வாட்டம் பார்த்துக் கட்டியதால் தானாகவே ஓடுகிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வறட்சியைப் போக்கக் காமராஜர் முன்னெடுத்த திட்டம். 1966-ல் கட்டி முடித்தார்கள். அப்போது அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். "தண்ணி வந்த அன்னைக்குப் பக்கத்து ஊருலேருந்தெல்லாம் ஆளு கூடிச்சு" என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு பெருமை இருந்தது. அவர் அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்.

கோதையாறு பாசன அணைகளை வழக்கமாக ஜூனில் திறந்து பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அதனால் புரட்டாசியில் தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். ஓரமாக நடந்து போனால் ஒரு பக்கம் கையெட்டும் தூரத்தில் தண்ணீர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கீழே தென்னந்தலைகள். மகள் முதல் பாதிக்கு என் கையை விடவில்லை. திரும்பி வரும்போது பாட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க பாட்டா" என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், படிக்கட்டு வழியாக ஆற்றுக்கும் இறங்குங்கள். கீழிருந்து பார்த்தால்தான் அந்தத் தூண்களின் உயரம் புரியும்.

திற்பரப்பு அருவிக்கும் போனோம். குளித்தோம், பழம்பொரி சாப்பிட்டோம். மலையில் மழை பெய்தால் கோதையாற்றில் சட்டென்று வெள்ளம் ஏறும், அப்போது அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது. தடை என்றால் தடைதான், பிள்ளைகளோடு போய் ஓரமாக நின்று குளிக்கிறோம் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

எனக்கு இந்த லீவில் மிகவும் பிடித்துப்போனது எந்தச் சுற்றுலாத் தலமும் இல்லை, ஒரு சாயங்காலம் சுசீந்திரத்திலிருந்து தேரூர் குளம் வரைக்கும் நடந்ததுதான். ஒரு வயலில் அறுவடை இயந்திரம் போய்க்கொண்டிருந்தது, பின்னாலேயே கொக்குகள். அடுத்த வயலை உழுது, சேறு கலக்கி, நடவுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். அதற்கும் அடுத்ததில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா பிள்ளைகளைப் பார்த்து, "எறங்கி வாங்க மக்களே, ரெண்டு நாத்து நட்டுட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். கால் முட்டி வரைக்கும் சேற்றில் இறங்கியதும் அண்ணன் மகனுக்கு முகம் மாறியது, விரலிடுக்கில் சேறு வழுகி ஏறும் அந்த உணர்வு அவனுக்குப் புதிது. நாற்று முடியிலிருந்து மூன்று நான்கு செடியைப் பிரித்து, பெருவிரலால் வேரை அழுத்திச் சேற்றில் ஊன்ற வேண்டும். ஆழமாக ஊன்றினால் தூர் கட்டாது, மேலாக ஊன்றினால் மிதந்துவிடும். அவன் நட்டதில் பாதி மிதந்தது. அந்த அக்கா பொறுமையாக அவன் கையைப் பிடித்து அழுத்திக் காட்டினார்.

இந்த வயல்கள் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வருவது மனதை உறுத்துகிறது. நான் பள்ளிக்கூடம் போன வழியில் இருந்த வயலில் இப்போது மனைக் கற்கள் நிற்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற பேச்சே எங்கள் வீட்டில் அப்பாவோடு நின்றுவிடுமோ என்று இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது அதைச் சொல்கிறார்கள்.

தேரூர் குளத்தில் தாமரை இலைகளுக்கு நடுவே நீலத் தாழைக்கோழிகள் நடந்துகொண்டிருந்தன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. தூரதேசத்துப் பறவைகள் வந்து கூடுவது ஐப்பசிக்கு மேல்தான். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் அப்போது ஒருமுறை தனியாக வரலாம்.

புரட்டாசியின் இன்னொரு சந்தோஷம் நவராத்திரி ஊர்வலம். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவி, மூன்று பேரும் சேர்ந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து அங்கே மாறிய பிறகு வந்த வழக்கம். 1956 நவம்பர் 1-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதற்குப் பிறகும் இரண்டு மாநிலமும் சேர்ந்து இதை நடத்திக்கொண்டு வருகின்றன. சரஸ்வதி தேவி யானை மேலும், மற்ற இருவரும் பல்லக்கிலும் வருவார்கள். தக்கலைப் பக்கம் சாலையோரத்தில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி, தட்டத்தில் பழமும் பூவும் வைத்துக் காத்திருந்தார்கள். யானை எங்களைக் கடந்தபோது அதன் காது மடலில் இருந்த ரோஜா நிறப் புள்ளிகள் வரை தெரிந்தது. அம்மா கைகூப்பி நின்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர், முன்பின் தெரியாத எங்கள் பிள்ளைகளை இழுத்து முன்னால் நிறுத்தி, "நல்லா பாருங்க" என்றார்.

கடலுக்கு மட்டும் கடைசியில்தான் போனோம். முட்டம் பாறைகள் மேல் உட்கார்ந்து அந்தி சாயும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே அலை மோசமானது, இறங்க விடாதீர்கள். மேற்குக் கரையில் ஜூன், ஜூலைத் தடைக்காலம் முடிந்துவிடுவதால் புரட்டாசியில் மீன் தாராளமாக வரும். திரும்பும் வழியில் நெத்தோலி வாங்கி வந்தோம். அம்மா தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்து, மாங்காய் போட்டு அவியல் வைத்தாள். கூட அவித்த மரச்சீனிக் கிழங்கு. எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் மீன் கிடையாது, நல்லவேளையாக அன்றைக்கு வெள்ளி.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குடை கட்டாயம் வேண்டும், சாயங்காலம் திடீரென்று ஒரு மழை பெய்துவிட்டுப் போகும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாகர்கோவிலில் தங்கினால் இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். சமணர் சிற்பங்கள் இருக்கும் சிதறால் மலைக்கு இந்தத் தடவை எங்களுக்கு நாள் போதவில்லை. அண்ணன் அரையாண்டு லீவுக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிட்டார்.